பல்கலைக்கழகம் நடத்தும் மருந்தாய்வில் சேரப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

என் அக்காவுக்கு முடக்குவாதம். ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை நடத்திய ஆய்வில் அவரைச் சேர்ப்பதற்குள் நாங்கள் இருவரும் ஏழு மாதம் அலைந்தோம். அதில் மூன்று மாதம் அவர்களுடைய நடைமுறைக்கு எடுத்த காலம். மீதி நான்கு மாதம் எங்கள் அறியாமைக்குக் கொடுத்த விலை. அந்த நான்கு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. கோப்பைச் சுமந்துகொண்டு அக்காவின் பின்னால் போன தம்பி. மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எந்தக் காகிதத்தை எப்போது கேட்டு வாங்குவது, எந்தச் செலவு யார் தலையில் விழும், நாட்கள் எங்கே ஓடிப்போகும் என்பதைப் பற்றி மட்டும் என்னால் பேச முடியும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். 'மருத்துவப் பரிசோதனை' என்றதும் ரத்தம் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது கிளினிக்கல் டிரையல் பற்றி. ஒரு மருந்தோ கருவியோ அறுவை முறையோ உண்மையில் பலன் தருகிறதா என்று, சம்மதித்து முன்வந்தவர்களிடம் திட்டமிட்டுச் சோதித்துப் பார்ப்பது அது. மருத்துவமனை ஊழியர்கள் 'ஸ்டடி' என்பார்கள். நான் 'ஆய்வு' என்றே எழுதுகிறேன்.

1. 'ஸ்பான்சர்' என்ற சொல்லை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

நாங்கள் சறுக்கிய முதல் இடம் இதுதான். ஆய்வை விளக்கி அவர்கள் தரும் தகவல் தாளின் முதல் பக்கத்தில் ஸ்பான்சர் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. விளையாட்டு வீரரின் சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் ஸ்பான்சரைப் போல எல்லாச் செலவையும் அவர்களே ஏற்பார்கள் என்று நினைத்துவிட்டோம்.

ஆய்வு உலகில் ஸ்பான்சர் என்பவர் பொறுப்பாளர். ஆய்வைத் தொடங்குவது, நடத்துவது, அதற்கான நிதியை ஏற்பாடு செய்வது ஆகியவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நிதியை ஏற்பாடு செய்பவர் தன் பையிலிருந்து கொடுப்பவராக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வுகளில் பணம் பெரும்பாலும் அரசின் ஆராய்ச்சி நிதியிலிருந்தோ ஓர் அறக்கட்டளையிலிருந்தோ வரும். மருந்தை ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்திருக்கலாம். நீங்கள் போய் உட்காரும் மருத்துவமனை இவர்கள் எவருடையதாகவும் இல்லாமலிருக்கலாம்.

ஆகவே மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். பொறுப்பு யாருடையது? பணம் யாருடையது? மருந்து யாருடையது? மூன்றுக்கும் மூன்று பெயர்கள் வந்தால் பதற வேண்டாம், அது சாதாரணம். பதில் சொல்லத் தயங்கினால் மட்டும் யோசியுங்கள்.

பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளும் கேள்விகளும் வேறு மாதிரி. காப்புரிமை முடிந்த பழைய மருந்து, இரண்டு சிகிச்சைகளில் எது மேல், அளவைக் குறைத்தால் போதுமா போன்றவற்றைச் சோதித்து எந்த நிறுவனமும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஸ்பான்சராக இருந்து 2020 மார்ச்சில் தொடங்கிய ரெகவரி ஆய்வைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் மிகப் பழைய, மிக மலிவான மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று அந்த ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது.

அதற்காக, லாப நோக்கம் இல்லாத இடம், எல்லாம் நம் நன்மைக்கே என்று சாய்ந்துவிடவும் வேண்டாம். ஆய்வாளருக்குக் கட்டுரை வெளியாக வேண்டும், ஒரு மாணவருக்கு ஆய்வேடு முடிய வேண்டும், நிதி தீர்வதற்குள் ஆட்கள் சேர வேண்டும். பணியாளர்களும் குறைவு. எங்கள் ஆய்வில் ஒரே ஒரு கோஆர்டினேட்டர், அதாவது நம்மோடு பேசி வருகைகளை ஒழுங்கு செய்பவர். அவர் விடுப்பில் போனால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

2. பதிவு எண்ணை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள்

முறையான ஆய்வு, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பொதுப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் தளத்தில் எண் 'என்.சி.டி.' என்று தொடங்கி 8 இலக்கங்களோடு இருக்கும். இந்தியாவுக்கு சி.டி.ஆர்.ஐ., இலங்கைக்கு எஸ்.எல்.சி.டி.ஆர்., இவை தவிர ஐ.எஸ்.ஆர்.சி.டி.என். என்ற சர்வதேசப் பதிவேடு. பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேட உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தளம் வைத்திருக்கிறது. எல்லாம் இலவசம்.

பதிவைத் திறந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஸ்பான்சர் பெயர், ஆள் சேர்க்கிறார்களா என்ற நிலை, கடைசியாகப் புதுப்பித்த தேதி, எதை முதன்மைப் பலனாக அளக்கிறார்கள் என்பது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. 'ஆள் சேர்க்கை நடக்கிறது' என்று போட்டிருக்கும், சேர்க்கை முடிந்து ஓர் ஆண்டு ஆகியிருக்கும். நாங்கள் முதலில் பேருந்து ஏறிப் போன இடம் அப்படிப்பட்டதுதான். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு நாள் போனது.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. பதிவேட்டில் இருப்பதாலேயே அரசு அங்கீகரித்த ஆய்வு என்று ஆகிவிடாது. பதிவு செய்வது தகவல் கொடுப்பது மட்டுமே. சோதிக்கப்படாத சிகிச்சைகளை விற்கும் சில இடங்கள் பதிவு எண்ணைக் காட்டிப் பெருந்தொகை கேட்கின்றன. ஆய்வு மருந்துக்கே உங்களிடம் கட்டணம் கேட்டால், நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேர்பவர்களின் நலனைப் பார்த்து அனுமதி தரும் குழு) அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். அதற்கும் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவில் கட்டம் என்று ஓர் எண் இருக்கும். முதல் கட்டம் பெரும்பாலும் 20 முதல் 100 பேர் வரை. முக்கியமாகப் பாதுகாப்பையும் அளவையும் பார்ப்பது. இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர், பலன் இருக்கிறதா என்ற முதல் பார்வை. மூன்றாம் கட்டம் 300 முதல் 3,000 பேர் வரை, நடப்புச் சிகிச்சையோடு ஒப்பிடுவது. நான்காவது, மருந்து விற்பனைக்கு வந்த பிறகு நடப்பது. அந்த இடத்தில் 'பொருந்தாது' என்று இருந்தால் தவறு என்று நினைக்காதீர்கள். கருவி, உடற்பயிற்சி, அறுவை முறை ஆய்வுகளுக்கு அப்படித்தான் போடுவார்கள்.

3. தகுதி விதிகளைப் படியுங்கள், ஆனால் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்

இதை நான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பேன்.

பதிவேட்டில், ஆளைச் சேர்க்கும் நிபந்தனைகள், விலக்கும் நிபந்தனைகள் என்று இரண்டு பட்டியல் இருக்கும். விலக்கும் பட்டியலில், கடந்த 4 வாரங்களில் குறிப்பிட்ட ஒரு வகை மருந்தை எடுத்திருக்கக் கூடாது என்று இருந்தது. அக்கா அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். நாமாகவே நிறுத்திவிட்டு நாலு வாரம் கழித்துப் போனால் நேரடியாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டோம். யோசனை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் வாரத்தில் விரல் கணுக்கள் வீங்கின. மூன்றாம் வாரத்தில் அவரால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பாட்டிலை வைத்து அழுத்திக்கொண்டு, பல்லால் மூடியைக் கடித்துத் திருகினார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிரித்தார். நாலாம் வாரம் கோஆர்டினேட்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி: "யார் நிறுத்தச் சொன்னது?"

மருந்தை நிறுத்தி உடலைத் தயார் செய்வது ஆய்வின் ஒரு பகுதி. நீங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு, மருத்துவர் கண்காணிப்பில், தேதி குறித்துக்கொண்டுதான் அது நடக்க வேண்டும். அதற்கு முன் நீங்களாக நிறுத்தினால் நோய் கிளம்பும், ரத்த அளவுகள் மாறும், அந்த மாற்றமே உங்களைத் தகுதியிழக்கச் செய்யலாம். எங்களுக்கு அதுதான் நடந்தது. அந்த ஆய்வில் அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. பழைய மருந்துக்குத் திரும்பி நிலைமை சீராக இரண்டு மாதம் ஆனது. பிறகு சேர்ந்தது வேறு ஆய்வில்.

வேறொரு ஆய்வில் ஏற்கனவே இருந்தவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய ஆய்வு மருந்தை நிறுத்திப் பெரும்பாலும் 30 நாட்களோ, அந்த மருந்தின் அரை ஆயுட்காலத்தைப் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) போல ஐந்து மடங்கோ கடந்திருக்க வேண்டும் என்பார்கள்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

முதல் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியவை:

அ. அடையாள அட்டை, அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண்.
ஆ. நோயை உறுதி செய்த முதல் அறிக்கை. திசுப் பரிசோதனையாக இருந்தால் அதன் மூல அறிக்கை.
இ. டிஸ்சார்ஜ் சம்மரிகள் எல்லாம், தேதி வரிசையில்.
ஈ. ஸ்கேன் படங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் உள்ள குறுந்தகடு வேண்டும்.
உ. கடந்த ஆறு மாத ரத்தப் பரிசோதனை முடிவுகள்.
ஊ. மருந்துப் பட்டியல்.

கடைசியில் சொன்னதுதான் கழுத்தை அறுக்கும். மருந்தின் பெயர் மட்டும் போதாது. எந்த அளவில், எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று கேட்பார்கள். 'போன வருஷம் கொஞ்ச நாள் சாப்பிட்டேன்' என்ற பதிலை அவர்களால் எழுதிக்கொள்ள முடியாது. எங்களைக் காப்பாற்றியது அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த மருந்துக் கடை ரசீதுகள். ஒரு மாலை முழுவதும் அவற்றைத் தரையில் பரப்பித் தேதிவாரியாக எழுதினோம். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, கடையில் நீங்களே கேட்டு வாங்கும் வலிநிவாரணி எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்தால் யாரும் திட்டப் போவதில்லை, ஆனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சார்ந்த அளவு ஏறும்போது காரணம் தெரியாமல் திண்டாடுவார்கள்.

எல்லாவற்றிலும் நகல் கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

5. தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்

தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் சேர்ந்து எங்களுக்கு 22 பக்கம். "படித்துவிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டுவிடலாமே" என்றார் ஒரு செவிலியர், நல்ல மனதோடுதான். போடாதீர்கள். நேரம் கேட்பது உங்கள் உரிமை. அவசரச் சிகிச்சை ஆய்வுகள் தவிர மற்றவற்றில் ஓர் இரவு பொறுக்க முடியாத ஆய்வு எதுவும் கிடையாது.

உங்கள் மொழியில் தாள் கேளுங்கள். மொழிபெயர்ப்புக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும், இரண்டு மொழிகளிலும் அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எங்களிடம் தந்த தமிழ்த் தாள் ஒரு பதிப்பு பழையதாக இருந்தது. அதில் வருகைகள் 8, புதியதில் 11. கேட்ட பிறகுதான் மாற்றித் தந்தார்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

படிக்கும்போது பென்சிலால் குறிக்க வேண்டியவை: வழக்கமான சிகிச்சை என்ன, ஆய்வில் அதற்கு மேல் என்ன செய்கிறார்கள், சேராவிட்டால் எனக்கு வேறு என்ன வழி. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தாளில் கட்டாயம் பதில் இருக்க வேண்டும். ரத்தம், திசு மாதிரிகளைப் பிற்கால ஆராய்ச்சிக்குச் சேமிப்பதற்குத் தனியாக 'ஆம் / இல்லை' கட்டம் இருக்கும். இல்லை என்று குறித்தாலும் பெரும்பாலான ஆய்வுகளில் சேரலாம். கருத்தடை பற்றிய பத்தியை ஆண்களும் படியுங்கள், அவர்களுக்கும் நிபந்தனை உண்டு.

போலி மருந்து, அதாவது பிளாசிபோ பற்றி எல்லோருக்கும் பயம். நல்ல சிகிச்சை ஏற்கனவே இருக்கும் நோய்க்கு வெறும் பிளாசிபோ மட்டும் கொடுத்து ஆளை விட்டுவிடுவது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. நடப்புச் சிகிச்சையோடு சேர்த்து, புதியதோ பிளாசிபோவோ தருவதுதான் வழக்கம். ஆனால் யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். அக்கா கோஆர்டினேட்டரிடம் கேட்டார்: "தம்பி, எனக்குப் புது மருந்து கிடைக்குமா, கிடைக்காதா?" அந்தப் பையன் சொன்னான்: "எனக்கும் தெரியாது அம்மா, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்." அந்த வாக்கியத்தைக் கேட்டு உங்களால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள். புது மருந்து நிச்சயம் கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால், எல்லோருக்கும் அதையே தரும் ஆய்வா என்று பதிவேட்டில் சரிபாருங்கள். குலுக்கல் ஆய்வு என்றால் அந்த ஆள் உங்களுக்குப் பொய் சொல்கிறார்.

6. செலவைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்

'ஆய்வு இலவசம்' என்பது பாதி உண்மை. ஆய்வு மருந்தும், ஆய்வுக்காகவே செய்யும் பரிசோதனைகளும் வழக்கமாக இலவசம். நோய்க்காக எப்படியும் செய்திருப்பீர்கள் என்று அவர்கள் கருதும் பரிசோதனைகள் 'வழக்கமான பராமரிப்பு' என்ற கணக்கில் உங்கள் மீதோ உங்கள் காப்பீட்டின் மீதோ விழும். நிதி குறைந்த பல்கலைக்கழக ஆய்வுகளில் இந்தக் கோடு உங்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே தள்ளி வரையப்பட்டிருக்கும். எங்கள் தாளில் 14ஆம் பக்கத்தில் ஒரே வரி: வழக்கமான சிகிச்சைச் செலவுகள் பங்கேற்பாளரைச் சேர்ந்தவை. முதல் படிப்பில் இருவருமே அதைத் தாண்டிப் போய்விட்டோம். இரண்டாவது வருகையில் எக்ஸ்ரே பிரிவில் ரசீதை நீட்டியபோதுதான் விழித்தோம்.

இப்படிச் செய்யுங்கள். வருகை அட்டவணை என்று ஒரு பக்கம் இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். மேலே வாரங்கள், பக்கவாட்டில் பரிசோதனைகள், நடுவில் குறுக்குக் குறிகள். அதை நகலெடுத்து, கோஆர்டினேட்டர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு குறியையும் விரலால் தொட்டு 'இது யார் செலவு?' என்று கேளுங்கள். அவர்கள் செலவுக்கு நீலம், உங்கள் செலவுக்குச் சிவப்பு. அரை மணி நேரம் ஆகும், அவர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. எங்களுக்கு 61 குறிகளில் 9 சிவப்பு விழுந்தது. அதில் இரண்டைப் பற்றி அவருக்கே சந்தேகம் வந்து உள்ளே போய்க் கேட்டுவிட்டு நீலமாக மாற்றினார்.

சிவப்புக் கட்டங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி அனுப்பி, கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் 'கவர் ஆகும் சார்' என்று சொன்னதை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அட்டவணையில் வராத செலவுகளும் உண்டு. பயணம், உடன் வருபவரின் வேலை நாள், தங்கும் இடம், காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடு. பயணப்படி உண்டா, ரசீது வேண்டுமா, எத்தனை நாளில் வரும், உடன் வருபவருக்கும் உண்டா என்று கேளுங்கள். வருகையின் முடிவில் கையில் தருவதா, ஆய்வு முடிந்து மொத்தமாகவா என்பது உங்கள் மாதக் கணக்கையே மாற்றிவிடும்.

7. உடலுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இரண்டு வாக்கியங்களைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். 'பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சை அளிக்கப்படும்' என்பது ஒன்று. 'அந்தச் சிகிச்சைக்கான செலவை ஏற்போம்' என்பது வேறொன்று. முதல் வாக்கியம் மட்டும் இருந்தால் ரசீது உங்களுக்குத்தான் வரும்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள், ஆய்வின்போது ஏற்படும் பாதிப்புக்கு இலவச மருத்துவக் கவனிப்பையும், ஆய்வோடு தொடர்புள்ள பாதிப்புக்கு இழப்பீட்டையும் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இழப்பீட்டுக்கான காப்பீடோ அதற்கு இணையான ஏற்பாடோ இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில், குறைந்தபட்ச அபாயத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளில் இழப்பீடு உண்டா இல்லையா என்று படிவத்தில் சொல்லிவிட வேண்டும். கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று பொதுவான மத்தியச் சட்டம் அங்கே இல்லை. எந்த நாடாக இருந்தாலும், ஆய்வுக்குக் காப்பீடு யார் எடுத்திருக்கிறார்கள், எதுவரை செல்லும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் ஸ்பான்சர் என்பதால் இங்கே பதில் சொல்ல வேண்டியதும் பல்கலைக்கழகம்தான். முதல் படியில் கேட்ட கேள்வி இங்கே வேலைக்கு வரும்.

8. கையெழுத்து, ஸ்கிரீனிங், குலுக்கல்

கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பி வைக்கிறோம் என்றால் காத்திருந்தாவது வாங்குங்கள். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் எந்த ரத்தமும் இந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான்.

கையெழுத்திட்டதும் ஆய்வில் சேர்ந்துவிட்டதாக உறவினர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். அடுத்தது ஸ்கிரீனிங், அதாவது உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள். இங்கே பலர் திருப்பி அனுப்பப்படுவார்கள். பல ஆய்வுகளில் ஸ்கிரீனிங்குக்கு 28 நாள் போன்ற ஒரு வரம்பு உண்டு. ஒரு பரிசோதனை தாமதமானாலும் வரம்பு கடந்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்க நேரும். ஸ்கேனுக்குத் தேதி கிடைப்பதுதான் பெரிய தடை. அதை முதலில் குறித்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி வையுங்கள்.

தகுதி கிடைக்காவிட்டால் காரணத்தைக் கேட்டு, முடிவுகளின் நகலை வாங்குங்கள். சில ஆய்வுகளில் ஒருமுறை மறுபரிசோதனைக்கு இடம் உண்டு. கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

9. ஆய்வு நடக்கும் காலம்

ஓர் அட்டை தருவார்கள். ஆய்வின் பெயர், உங்கள் எண், 24 மணி நேரத் தொலைபேசி எண் அதில் இருக்கும். பணப்பையில் வையுங்கள், இன்னொரு நகல் வீட்டில் இருக்கட்டும். யாருக்கு எந்த மருந்து என்பது மறைத்து வைக்கப்பட்டிருப்பதால், நீங்கள் வேறு மருத்துவமனையில் மயக்கமாகக் கிடந்தாலும் அங்குள்ள மருத்துவர்கள் அந்த எண்ணை அழைத்துத்தான் நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று மறைப்பை விலக்கிக் கேட்க முடியும். எண் வேலை செய்கிறதா என்று சேர்ந்த வாரமே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நாங்கள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தோம். யாரோ தூக்கக் கலக்கத்தில் எடுத்தார், எடுத்தாரே என்று சந்தோஷப்பட்டோம்.

மருத்துவமனையில் அனுமதிக்கும் அளவுக்கு எது நடந்தாலும், அது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத கால் முறிவாக இருந்தாலும், உடனே சொல்ல வேண்டும். ஆய்வாளர் அதைக் கடும் பாதக நிகழ்வாக ஸ்பான்சருக்குத் தெரிவிக்க வேண்டும். பல இடங்களில் அதற்குக் கெடு 24 மணி நேரம். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

மீதி மாத்திரைகளையும் காலி டப்பாக்களையும் தூக்கிப் போடாதீர்கள், எண்ணிப் பார்ப்பார்கள். தவறவிட்ட வேளையை நாட்குறிப்பில் உள்ளபடியே எழுதுங்கள். நல்ல பெயர் வாங்க எல்லாக் கட்டத்திலும் சரிக் குறி போடுபவர்களால்தான் ஆய்வு கெடுகிறது.

நடுவில் படிவம் மாறினால் மறுபடி கையெழுத்துக் கேட்பார்கள். என்ன மாறியது என்று அந்தப் பத்தியைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

10. விலகுவது

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் திடீரென்று போகாமல் நின்றுவிடாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஒரு கடைசிப் பரிசோதனையும் உங்கள் பாதுகாப்புக்கே. மருந்தை மட்டும் நிறுத்திவிட்டுத் தொடர் கண்காணிப்பில் இருக்கலாமா என்றும் கேட்கலாம். அதுவரை சேகரித்த தகவல்களைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள், இது படிவத்திலேயே இருக்கும்.

11. முடிந்த பிறகு கேட்டு வாங்க வேண்டியவை

ஆய்வு மருந்து உங்களுக்கு நன்றாக வேலை செய்தால் பிறகு எங்கிருந்து கிடைக்கும்? இதைக் கடைசி வருகையில் கேட்டால் தாமதம், கையெழுத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஆய்வுக்குப் பிந்தைய மருந்து ஏற்பாட்டை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகளில் மருந்து ஏற்கனவே கடையில் கிடைப்பதாகவே பெரும்பாலும் இருக்கும். அப்படியென்றால் கேள்வி விலையைப் பற்றியது.

உங்கள் சொந்தப் பரிசோதனை முடிவுகள், எந்தக் குழுவில் (புது மருந்தா, மற்றதா) இருந்தீர்கள் என்ற தகவல், எளிய மொழியில் ஆய்வின் முடிவு ஆகிய மூன்றும் எப்போது வரும் என்று கேளுங்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை பெரும்பாலும் குழுவைச் சொல்ல மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் பொதுமக்களுக்கான சுருக்கத்தை வெளியிட வேண்டும். மற்ற பல இடங்களில் பதிவு எண்ணைப் போட்டு நீங்களே அவ்வப்போது பார்க்க வேண்டியதுதான்.

முகவரி மாறினால் ஆய்வு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. அக்கா எந்தக் குழுவில் இருந்தார் என்ற கடிதம் பழைய வீட்டின் கதவுக்கடியில் ஐந்து மாதம் கிடந்து, புதிதாகக் குடிவந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு போய் எடுத்து வந்தேன். அக்காவுக்குக் கிடைத்தது பழைய மருந்துதான். "அப்படியா" என்று கடிதத்தை மடித்து, ரசீதுகள் இருந்த அதே பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தார்.